லிஃப்ட் புத்தகத்தின் பதினான்காம் பக்கம்

ஜனவரி 6

அன்புள்ள வாலுவுக்கு,

உன் அண்ணி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் நலம். சமையலறைக் கதவு மட்டும் நலமில்லை, அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, ஐந்து மாடியையும் இன்னும் நடந்துதான் ஏறுகிறாயா என்று எழுது.

போனை எடுத்துப் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வருகிற இருபத்திரண்டாம் தேதி டாக்டரம்மா மூன்றாவது முறையாகக் கருவை உள்ளே வைக்கிறார். அதிலிருந்து பதினான்காம் நாள் இரத்தப் பரிசோதனை. அதுவரை நான் கர்ப்பமா இல்லையா என்பது டாக்டரம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதுதான் கடைசி முறை என்று நானும் உன் அண்ணனும் பேசி முடித்துவிட்டோம். எனக்கு முப்பத்தெட்டு ஆகிறது. உடம்பு இன்னும் பத்து ஊசி தாங்கும், மனசுதான் தாங்காது.

போன தடவை ஒன்பதாம் நாளே மருந்துக் கடையில் பரிசோதனை அட்டை வாங்கி, அதில் மங்கலாக ஏதோ தெரிந்ததை நம்பிப் பதினெட்டுப் பேருக்குப் போன் செய்தேன். அப்புறம் அதே பதினெட்டுப் பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இல்லை என்று சொன்னேன். அத்தையின் அழுகையை நிறுத்த முக்கால் மணி நேரம் ஆயிற்று. யாருக்குக் குழந்தை இல்லை, யார் யாரைத் தேற்றுகிறார்கள் என்றே கடைசியில் குழம்பிவிட்டது. அதனால் இந்த முறை உன்னையும் உன் அண்ணனையும் தவிர யாருக்கும் தெரியாது. போனும் கிடையாது. போனில் என் குரல் என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். எழுத்தில் நான் நன்றாகவே பொய் சொல்வேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பதினான்கு நாளுக்கு எனக்கு ஏதாவது வேலை கொடு. டிரைவிங் ஸ்கூலில் விடுப்பு சொல்லிவிட்டேன். உடம்பு அதிரக்கூடாது என்கிறார் டாக்டரம்மா, என் மாணவர்களுக்கோ பிரேக் போடுவது ஒன்றுதான் தெரியும். சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வீடே சாட்சி. முதல் முறை காத்திருந்தபோது திரைச்சீலை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்தேன், இப்போது அவை ஜன்னலின் பாதிக்கு வருகின்றன. இரண்டாவது முறை சமையலறைக் கதவுக்கு நாலு பூச்சு வர்ணம் அடித்தேன், இப்போது அது மூடுவதில்லை. உன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இந்த தடவை வீட்ட விட்டுட்டு வேற எதையாவது செய்யேன்."

கனம் தூக்காத வேலையாக, இரண்டு கையும் மூளையும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும் வேலையாகப் பார்த்து அனுப்பு.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு வணக்கம் சொல்கிறேன். விசாரித்ததற்கு என் முழங்காலும் நன்றி சொல்கிறது. எங்கள் கட்டட லிஃப்ட் பதினோராவது மாதமாக ஓய்வெடுக்கிறது. "பழுது" என்று கதவில் ஒட்டியிருந்த காகிதமே கிழிந்து, புதிதாக வேறு ஒட்டியிருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். நாலு வரி ஆறுதல் எழுதிப் பார்த்தேன், எனக்கே சகிக்கவில்லை. அதனால் கேட்டதையே அனுப்புகிறேன். என் பிழைப்புதான் தெரியுமே. தடித்த புத்தகங்களின் கடைசியில், எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று அகர வரிசையில் ஒரு பட்டியல் போடுவார்களே, அந்தச் சொல்லடைவைத் தயாரிப்பவள் நான். இப்போது கையில் இருப்பது லிஃப்ட் பராமரிப்புக் கையேடு. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், லிஃப்ட் மெக்கானிக்குகளுக்காக இரண்டாயிரம் பிரதி. மாடி ஏறி மூச்சு வாங்கியபடி அதைப் படித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, நீங்கள் படியுங்கள்.

வேலை இதுதான். ஒரு விஷயத்துக்கு ஒரு சீட்டு. விஷயத்தை எழுதி, காற்புள்ளி போட்டு, பக்க எண். கூடவே காலியான செருப்புப் பெட்டிகள் பன்னிரண்டு அனுப்பியிருக்கிறேன், எழுத்துவாரியாகப் போடுங்கள். சீட்டில் வேறு எதையும் எழுதாதீர்கள். பெட்டிக்குள் போனது அச்சுக்கோப்பவரிடம் போகும், அவரிடம் போனது அச்சாகும். அவர் எதையும் படிக்க மாட்டார், அடிப்பார்.

எழுதியவர் இருபத்தெட்டு வருஷம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பக்க எண் தவறினால் மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதுவார். கவனம்.

அண்ணனை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். பொட்டலத்தின் எடையைப் பார்த்ததும் அவரே சந்தோஷப்படுவார்.

அன்புடன்,
வாலு


ஜனவரி 25

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். மூன்றாம் நாள். இதைத் தவிர உடம்பைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, சொல்லவும் மாட்டேன். நீ நலமா?

உன் லிஃப்ட் ஆய்வாளர் சாமானியப்பட்டவர் இல்லை. அவருடைய ஒவ்வொரு வாக்கியமும் என்னைப் பார்த்துச் சொல்வதாகவே இருக்கிறது. இதுவரை எழுதிய சீட்டில் சில:

அவசரம், அதனால் வரும் விபத்துகள், 38
இடையில் நின்றால் அமைதியாக இருத்தல், 88
கதவைப் பலவந்தமாகத் திறக்கக் கூடாது, 90
பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதால் லிஃப்ட் விரைவில் வராது, 41

கடைசிச் சீட்டை இன்னொரு முறை எழுதிக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். கர்ப்பிணிகள் லிஃப்டில் தாராளமாகச் செல்லலாம் என்று 203இல் ஒரு பத்தி இருக்கிறது. அதற்கும் சீட்டு எழுதினேன். எழுதும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போயிற்று.

உன் அண்ணனுக்கோ ஒரே கொண்டாட்டம். பகலெல்லாம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்துவிட்டு வருகிற மனிதர், வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் என் சீட்டுகளைப் பிரிக்க உட்காருகிறார். "ககர வரிசைக்கு ஒரு பெட்டி போதாது, கதவே முப்பது இருக்கு" என்கிறார். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷமாகிறது. நான் செய்யும் வேலையை அவர் இவ்வளவு மரியாதையாகப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

வெந்நீர் வைத்து முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

உன் அண்ணி


ஜனவரி 30

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தேன், துண்டுதான் நனைந்தது.

சீட்டுகள் பிரமாதம். ஆனால் 38இல் "அவசரம்" என்ற சொல்லே இல்லை, "வேகம்"தான் இருக்கிறது என்று ஆசிரியர் சாதிக்கிறார். போனில் அரை மணி நேரம் பேசினார். "அடைவுல இருக்கறது உள்ள இருக்கணும், உள்ள இருக்கறது அடைவுல இருக்கணும். அவ்வளவுதான் உலகம்" என்கிறார். அவர் வீட்டில் எப்படிக் காலம் தள்ளுகிறார்களோ தெரியவில்லை.

அம்மா நேற்று பேசினாள். "உங்க அண்ணி ஏன் போன எடுத்தவுடனே வெச்சிடறா?" என்று கேட்டாள். கையில் ஏதோ பெரிய வேலை என்று சொல்லியிருக்கிறேன். அது உண்மையும்கூட.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது பன்னிரண்டாம் நாளாகியிருக்கும். நான் எதுவும் கேட்கவில்லை.

அன்புடன்,
வாலு


பிப்ரவரி 1

அன்புள்ள வாலுவுக்கு,

பத்தாம் நாள். உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் இன்னொன்று எழுதுகிறேன், கையைச் சும்மா வைக்க முடியவில்லை. உன் அண்ணன் சௌக்கியம். நானும் சௌக்கியம் என்று எழுதிவிட்டு நாற்காலியிலிருந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன்.

மருந்துக் கடை தெருமுனையில் இருக்கிறது. நம் வீட்டு வாசலிலிருந்து நூற்றுப்பத்து அடி. போகக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதில் நாளின் பாதி போகிறது. மீதிப் பாதியில் லிஃப்ட். இரண்டும் கலந்து இப்போது என் புத்தியே சீட்டு வடிவமாகிவிட்டது. மனசில் எது வந்தாலும் காற்புள்ளி போட்டு நாள் கணக்கை எழுதி வைத்தால்தான் அடங்குகிறது. நேற்று எழுதியது, "மருந்துக் கடை, வாசல் வரை போனது, 9". அதைக் கடிகாரத்தின் அடியில் செருகி வைத்தேன். அதற்கும் இரண்டு நாள் முன்பு ஒன்றைச் சர்க்கரை டப்பாவுக்குக் கீழே வைத்தேன். நீ பயப்படாதே, பெட்டியில் எதையும் போடவில்லை. இவை என் சொந்தச் சீட்டுகள். எழுதி வைத்தவை அடுத்த நாள் வைத்த இடத்தில் இருப்பதில்லை, உன் அண்ணன் குப்பையில் போட்டுவிடுகிறார் என்று நினைக்கிறேன். போகட்டும். எழுதினால் போதும், சேர்த்து வைக்க வேண்டியவை இல்லை.

இன்று அவர் என்னிடம் திட்டு வாங்கினார். காரணம், மூச்சு விட்டார். பாவம், அதற்கும் கோபப்படாமல் ஙகர வரிசைக்குப் பெட்டியே தேவையில்லை என்று சொல்லி அதில் நூல்கண்டை வைத்துக்கொண்டார்.

வாலு, எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இந்த ஒரு வரியோடு விட்டுவிடுகிறேன்.

உன் அண்ணி


பிப்ரவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

வேலை முடிந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது சீட்டுகள். பெட்டிகளை உன் அண்ணனே கட்டி, முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டு, தானே தபாலில் சேர்த்தார். "கவிழ்க்காதீர்" என்று நான்கு பக்கமும் எழுதியிருக்கிறார். நீ பெட்டிக்குள் தேட வேண்டியது எதுவும் இல்லை, எல்லாம் வரிசையாக இருக்கிறது. 117ஆம் பக்கத்தில், லிஃப்டைத் தாங்கும் கம்பிவடத்தின் தடிமன் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வருகிறது என்று ஆசிரியரிடம் சொல். 260இல் எண்ணெய் மாற்ற வேண்டிய மாதமும் தவறு.

ஒரே ஒரு சீட்டை மட்டும் மூன்று நாளாகத் தேடுகிறேன். அகராதிக்குள் வைத்திருந்தேன், காணவில்லை. பரவாயில்லை, அது புத்தகத்தில் இருக்கும் விஷயம் இல்லை.

வெயில் ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் நிறையக் குடி.

உன் அண்ணி


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். பெட்டிகள் பன்னிரண்டும் வந்து சேர்ந்தன. தபால்காரர் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டார், ஆறு நடையில் ஏற்றினேன்.

கம்பிவடத்தின் தடிமனைப் பற்றி ஆசிரியரிடம் சொன்னேன். இரண்டு நாள் எடுத்துச் சரிபார்த்தார். அப்புறம் கூப்பிட்டு, "அந்தம்மா சொல்றது சரிதான்" என்றார். அவர் ஒருவரைச் சரி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

அண்ணி, உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தாம் தேதி என்ன நாள் என்று எனக்குத் தெரியும். கடிதத்தில் ஒன்பதாம் தேதி போட்டிருக்கிறீர்கள். நடுவில் கம்பிவடம் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, நீங்கள் இல்லை. நான் கேட்கவில்லை, கேட்க மாட்டேன் என்று சொன்னேன், கேட்கவும் இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள். எழுத வேண்டாம் என்றால் எண்ணெயைப் பற்றியே எழுதுங்கள், அதையும் படிப்பேன்.

அண்ணனுக்குத் தனியாக ஒரு முத்தம் கொடுக்க உங்களைத்தான் நியமிக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் வாலு


மார்ச் 2

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது, பதில் தாமதத்துக்குக் கோபிக்காதே. என்ன எழுதுவது என்று யோசித்தேன், யோசித்து முடிந்தபாடில்லை.

நான் இன்னும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போகவில்லை. கொஞ்சம் அசதி. எட்டு மாதமாக என்னிடம் கற்றுக்கொண்டிருந்த ஓய்வு பெற்ற காசாளர் ஒருவர் வேறொருவரிடம் போய் ஒரே மாதத்தில் உரிமம் வாங்கிவிட்டாராம். கேட்டதும் உட்கார்ந்து அழுதேன். அவருக்காகவா உனக்காகவா என்று கேட்டுக்கொண்டே உன் அண்ணன் துண்டை நீட்டினார்.

சமையலறைக் கதவை இழைத்துச் சரி செய்துவிட்டார். இப்போது மூடுகிறது, ஆனால் திறக்க இரண்டு பேர் வேண்டும்.

என்னை நினைத்துக் கவலைப்படாதே.

உன் அண்ணி


மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமா என்று கேட்டால் பதில் வராது என்று தெரிந்துகொண்டேன். அதனால் என் நலத்தைச் சொல்கிறேன். நான் நலமில்லை. காரணம் நீங்கள்.

இன்று காலை சொல்லடைவின் திருத்தத்துக்கான புரூஃப் தாள் வந்தது. ஆசிரியர் பார்த்து, ஓரமெல்லாம் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார். கீழே தபால் பெட்டியிலிருந்து எடுத்து, படி ஏறியபடியே படித்தேன். இரண்டாவது மாடியில் இது கண்ணில் பட்டது:

அழுகை, காரணத்தோடு, 11
அழுகை, காரணமில்லாமல், 7

ஓரத்தில் அவர் குறிப்பு: "7ஆம் பக்கத்தில் அழுகை இல்லை. அதிர்வு உள்ளது. 11இலும் இல்லை." தாள்களை முன்னும் பின்னும் புரட்டியபடி ஏறினேன். "கணவர், திட்டப்பட்டது, 2, 4, 5, 9, 10, 13" என்பதற்குப் பக்கத்தில், "நூலில் கணவர் எங்கும் வரவில்லை. எந்தக் கணவர்?" "பொய்கள், அத்தையிடம், 3, 8, 12" என்பதற்கு, "நான் எழுதிய எதுவும் பொய் இல்லை." "மருந்துக் கடை, வாசல் வரை போனது, 9" என்பதற்கு, "9ஆம் பக்கத்தில் இருப்பது மோட்டார் அறை." சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது மாடியில் மறுபடியும் ககர வரிசைக்கு வந்தேன்.

கம்பிவடம், தேய்மானம், 115–119
கர்ப்பம், உறுதியானது, 14
கர்ப்பிணிகள், லிஃப்டில் செல்லுதல், 203

நடுவில் இருந்ததற்கு ஆசிரியர் எழுதியிருந்தது: "14ஆம் பக்கத்தை மூன்று முறை படித்தேன். அது லிஃப்ட் குழியின் ஆழத்தைப் பற்றியது. இப்படி எதுவும் இல்லை. விளக்கம் தேவை."

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. படியில் உட்கார்ந்து அழுதேன் அண்ணி. காரணத்தோடு, மூன்றாவது மாடி. ஐந்து வாரமாக நீங்கள் எங்கேயோ ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு என் உயிர் போய்க்கொண்டிருந்தது. பெட்டிகளை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் மனசு தாங்காது என்று பயந்து, கட்டைக்கூட அவிழ்க்காமல் அப்படியே அச்சுக்கோப்பவரிடம் அனுப்பிவிட்டேன். பதினைந்து வருஷத் தொழிலில் நான் செய்த முதல் தவறு அதுதான். செய்யாமல் இருந்திருந்தால் எனக்கு இன்றைக்கும் தெரிந்திருக்காது.

அது உண்மையா? இன்னும் உண்மையா? இந்த முறை கேட்கிறேன். கேட்க மாட்டேன் என்று சொன்னதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

வாலு


மார்ச் 18

அன்புள்ள வாலுவுக்கு,

உண்மை. இன்னும் உண்மை. இதை எழுதும்போதும் பக்கத்தில் உள்ள மரச்சாமானைத் தொட்டுக்கொள்கிறேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

என்னை மன்னித்துவிடு. உன்னிடம் மறைக்க வேண்டும் என்று இல்லை. பதினான்காம் நாள் டாக்டரம்மா என்னிடமும் உன் அண்ணனிடமும் சொன்னதும் வீட்டுக்கு வந்து, எழுத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்க அந்தச் சீட்டை எழுதினேன். நன்றாக இருந்தது. அகராதியில் வைத்து மூடிவிட்டு, நம்பிக்கை போகும்போதெல்லாம் திறந்து பார்த்தேன். அப்படி அன்று மாலைக்குள் ஒன்பது தடவை. மறுநாள் காலை அது இல்லை. சீட்டும் போயிற்று, இனி வாயால் சொன்னால் மீதியும் போய்விடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். போன தடவை பதினெட்டுப் பேரிடம் சொன்னதைத் திரும்ப வாங்கிய வாய் இது. அதற்கு மறுபடி சொல்லத் தைரியம் இல்லை.

உன் கடிதம் வந்ததும் உன் அண்ணனைக் கூப்பிட்டு விசாரணை வைத்தேன்.

"கடிகாரத்துக்குக் கீழ இருந்த சீட்டு எங்க?"

"ம பெட்டியில போட்டேன்."

"சர்க்கரை டப்பாவுக்குக் கீழ இருந்தது?"

"அது அழுகை. அ."

"அகராதிக்குள்ள இருந்தது?"

"கர்ப்பம்னு எழுதியிருந்துச்சு. க பெட்டியில, கம்பிவடத்துக்கு அப்புறம். ஏன், வரிசை தப்பா?"

வரிசை சரியாகத்தான் இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இருபது வருஷமாக உறை மேல் எழுதியிருப்பதைப் படித்து உரிய கட்டத்தில் போட்டுப் பழகிய மனிதர். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யோசிப்பது அவர் வேலை இல்லையாம். "அடுத்தவங்க விஷயம்" என்கிறார். அந்தச் சீட்டு அவர் விஷயமும்தான் என்பது இன்று வரை அவருக்கு உறைக்கவில்லை. தான் திட்டு வாங்கிய சீட்டு ஒவ்வொன்றையும் அவரே அடுக்கியிருக்கிறார்.

இப்போது என் கவலை வேறு. புத்தகம் இரண்டாயிரம் பிரதி என்று சொன்னாயே. அது அச்சாகிவிட்டு, அப்புறம் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், இரண்டாயிரம் லிஃப்ட் மெக்கானிக்குகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இல்லை என்று சொல்ல முடியாது. முப்பதாம் தேதி ஸ்கேன். மூன்று மாதம் முடிகிறது, அதில் எல்லாம் சரியாக இருந்தால் பயம் பாதியாகும் என்கிறார் டாக்டரம்மா. அதுவரை அந்த வரியை அச்சுக்கும் விடாதே, அடித்தும் போடாதே. உன்னால் முடியுமா?

உன் அண்ணி


மார்ச் 23

அன்புள்ள அண்ணிக்கு,

முடியும். ஆனால் நான் நலமில்லை, இந்த முறை நானும் காத்திருக்கிறேன். மூன்று நாளில் வீட்டிலுள்ள புத்தகம் எல்லாவற்றையும் உயர வாரியாக அடுக்கினேன், பிடிக்காமல் கலைத்தேன். சமையலறை அலமாரிக்குச் சொல்லடைவு தயாரித்தேன். வர்ண டப்பா வாங்கலாமா என்று நேற்று தோன்றியது. உங்கள் கதவு ஞாபகம் வந்து கையைக் கட்டிக்கொண்டேன்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியர் நேரிலேயே வந்துவிட்டார். லிஃப்ட் ஓடவில்லை என்று பார்த்ததும் படி ஏற மறுத்து, கீழேயே நின்று என்னைக் கூப்பிட்டார். "14க்கு விளக்கம் வரல" என்றார். சமாளிக்கப் பார்த்தேன். "தகவலுக்கு மூலம் என்ன?" என்றார். சொல்லிவிட்டேன், அண்ணி. அந்த மனிதரிடம் தப்பான பக்க எண் சொல்ல என்னால் முடியவில்லை. பயப்படாதீர்கள். "இருபத்தெட்டு வருஷம் லிஃப்டுக்குள்ள ஜனங்க என்னென்னமோ பேசிக் கேட்டிருக்கேன். யாருகிட்டயும் போய்ச் சொன்னதில்ல" என்றார். அப்புறம், "கம்பிவடம் கண்டுபிடிச்ச அந்தம்மாதானா?" என்று கேட்டார்.

அவர் கட்சி மாறவில்லை. அடைவில் இருப்பது உள்ளே இருக்க வேண்டும். ஆகவே ஒன்று அந்த வரியை எடுக்க வேண்டும், இல்லையென்றால் 14ஆம் பக்கத்தின் அடியில் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது, அங்கே எழுதிவிடுகிறேன் என்கிறார். வாசகமும் தயார்: "இந்நூலின் சொல்லடைவு தயாராகும் காலத்தில், அதைத் தயாரித்தவருக்குக் கர்ப்பம் உறுதியானது. நூலாசிரியர் மகிழ்கிறார்." ஏப்ரல் ஐந்துக்குள் முடிவு வேண்டுமாம்.

புரூஃப் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் சொந்தச் சீட்டுகள் எல்லாவற்றையும் அடித்திருக்கிறேன், அந்த வரியையும் சேர்த்து. தொழில் முறைப்படி அதை அப்படியே விட எனக்கு உரிமை இல்லை. ஆனால் பென்சிலால்தான் அடித்தேன், அதையும் அழுத்தாமல். அடித்ததைத் திரும்ப வைக்க வேண்டுமானால் எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. அடித்த எழுத்துகளுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் "இருக்கட்டும்" என்று எழுத வேண்டும். அச்சுக்கோப்பவர் கேள்வி கேட்காமல் திரும்பச் சேர்த்துவிடுவார்.

எது வேண்டுமோ செய்து அனுப்புங்கள். அந்தத் தாள் புள்ளியில்லாமல் வந்தாலும், நான் உடனே அங்கே கிளம்பி வருவேன். கேட்கமாட்டேன், வருவேன்.

பி.கு. ஆசிரியர் போகும்போது லிஃப்ட் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து, ஏதோ ஒன்றைத் திருகிவிட்டுப் போனார். இப்போது ஓடுகிறது. மூன்றாவது மாடியில் மட்டும் நிற்பதில்லை.

உங்கள் வாலு


மார்ச் 31

அன்புள்ள வாலுவுக்கு,

நேற்று ஸ்கேன். உன் அண்ணன் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். திரையைப் பார்த்தவர், "எது எது எங்க இருக்குன்னு ஒண்ணும் புரியலையே" என்றார். எல்லாவற்றையும் உரிய கட்டத்தில் பார்த்தே பழகிய மனிதர். டாக்டரம்மா விரலால் காட்டினார். தலை, முதுகு, ஒரு கை. அந்தக் கை அசைந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது உன் அண்ணன் நிமிர்ந்தார். "அந்தச் சீட்டு நம்ம விஷயம்டி" என்றார். அவருக்கு உறைக்க ஏழு வாரம் ஆகியிருக்கிறது.

எல்லாம் சரியாக இருக்கிறது, வாலு. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

அத்தைக்கு நான்தான் போன் செய்தேன். இந்த முறையும் அழுகையை நிறுத்த முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் நிறுத்தச் சொல்லவில்லை.

புரூஃப் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அழுகை இரண்டையும் நீ அடித்தது அடித்ததாகவே போகட்டும். மருந்துக் கடையும் போகட்டும். அத்தை கண்ணில் படுவதற்குள் பொய்களை நன்றாக மையால் அடித்துவிடு. "கணவர், திட்டப்பட்டது" என்பதை மட்டும் விட்டுவைக்க முடியுமா என்று உன் அண்ணன் கேட்கிறார். அச்சில் வர அவருக்கு வேறு வாய்ப்பு வராதாம். நூலில் கணவர் வரவில்லை என்பதால் ஆசிரியர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று சொல்லியிருக்கிறேன். 14ஆம் பக்கத்துக்கு அவர் எழுதிய வாசகத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். எனக்கு யாரும் இவ்வளவு சரியாக வாழ்த்துச் சொன்னதில்லை.

கடைசியாக அந்த வரி. நீ அடித்த பென்சில் கோட்டுக்குக் கீழே புள்ளி வைக்க உட்கார்ந்தேன். கார் ஓட்டக் கற்றுத்தரும் கை, ஒரு புள்ளி நேராக வைக்கத் தெரியவில்லை. ஏழெட்டு போதுமாக இருக்கும், நான் இருபதுக்கு மேல் வைத்துவிட்டேன். சில புள்ளிகள் கீழே கர்ப்பிணிகளுக்குள்ளும் போய்விட்டன, அச்சுக்கோப்பவரை மன்னிக்கச் சொல்.

ஓரத்தில், அவருக்கு எந்தச் சந்தேகமும் வராதபடி, பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்:

இருக்கட்டும்.

உன் அண்ணி